34 வீடுகளுக்கு ஓர் ஊற்று: வறட்சி மாதங்களில் தண்ணீரை அளந்துவிட்ட அனுபவம்

இலங்கையின் ஊவாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஜூன் மாதம் கச்சான் என்னும் வறண்ட காற்று எழும்பினால் செப்டெம்பர் கடைசிவரை நல்ல மழையை எதிர்பார்க்க முடியாது. அட்டனிலும் மஸ்கெலியாவிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் அதே மாதங்களில், மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும் காற்று ஈரத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறது. எங்கள் தோட்டத்தின் மேற்கணக்கு என்னும் பிரிவில் 34 வீடுகள் ஒரே ஊற்றை நம்பி இருக்கின்றன. அது மெலியும் மாதங்களில் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துபார்த்த ஏற்பாடுகளில் கடைசியானது இந்த வறட்சியில் நிலைத்து நின்றது. அதைச் செய்த விதத்தையும், வாங்கிய சாமான்களையும், செலவையும், இன்னும் சரிவராத இடங்களையும், இதே நிலையில் இருக்கும் வேறு தோட்டத்துத் தண்ணீர்க் கமிட்டிகளுக்கு உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

ஊற்று, தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாறையடியில் இருக்கிறது. அங்கிருந்து ஒன்றேகால் அங்குல அல்கத்தீன் குழாய் வழியாக வரும் தண்ணீர், வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கருங்கல்லால் கட்டி உட்புறம் சீமெந்து பூசிய தாங்கி ஒன்றில் விழுகிறது. தாங்கியின் உள்ளளவு 12 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம். நிரம்பினால் ஏறத்தாழ 10,800 லீற்றர் கொள்ளும். அதற்குக் கீழே மேல் லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் 12 காம்பராக்கள் (வீடுகள்), அடுத்து நடு லயத்தில் 12, இன்னும் கீழே பாதையோரமாக 7 பேர்ச் காணிகளில் கட்டிக்கொடுத்த புது வீடுகள் 10. குளிப்பதும் துணி துவைப்பதும் பெரும்பாலும் பீலியில், அதாவது ஊற்றுநீர் விழும் பொது இடத்தில், நடக்கும். அதற்குத் தனியான ஊற்றுக்கண் உண்டு. அதுவும் ஆகஸ்டில் சுண்டுவிரல் தடிப்பில்தான் விழும். வீட்டுக் குழாயில் வருவது சமையலுக்கும், குடிப்பதற்கும், கழிவறைக்கும், கைக்குழந்தைகளையும் வயதானவர்களையும் குளிப்பாட்டுவதற்கும்.

சென்ற ஆண்டு வறட்சியில் கமிட்டி செய்தது எல்லா ஊர்களிலும் செய்வதுதான். காலை 5.30 முதல் 7 மணிவரையும் மாலை 4.30 முதல் 6 மணிவரையும் மட்டும் தாங்கியின் வால்வைத் திறப்பது என்று முடிவெடுத்து, கோயில் சுவரில் அறிவித்தல் ஒட்டினோம். குழாய் பூட்டி மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விடக்கூடாது, ஓட்டோ கழுவக்கூடாது, பெரல் நிரம்பியதும் குழாயை மூடவேண்டும், மீறினால் 500 ரூபாய் தண்டம் என்பவை அதில் இருந்தன.

காலையில் வால்வைத் திறக்கும்போது தாங்கியில் இரண்டடிக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 5,000 லீற்றர் இருக்கும். 34 வீட்டுக்கும் ஒரே அளவில் போனால் வீட்டுக்கு 150 லீற்றர் விழவேண்டும். ஒரு காலைப்பொழுதுக்கு அது தாராளம். நடந்ததோ வேறு. நாற்பது நிமிடத்துக்குள் தாங்கியின் அடித்தளம் தெரியும். புது வீடுகளில் பெரல், அண்டா, குண்டான், பேசின் எல்லாம் நிரம்பி வாசலில் வழிந்துகொண்டிருக்க, மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில் குழாய் புஸ்ஸென்று காற்றை ஊதிக்கொண்டிருக்கும். தாங்கி காலியானதும் குழாய்களும் வடிந்து காற்று நிறைந்துவிடுகிறது. மறுபடி திறக்கும்போது பள்ளத்து வீடுகள் முதலில் பிடித்துக்கொள்ள, மேட்டு வீடுகளின் குழாயிலிருந்து காற்று வெளியேறித் தண்ணீர் வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. வடிந்த குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் அது கானில் (வடிகாலில்) ஓடும் அழுக்கையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே முதல் வாளி எப்போதும் கலங்கலாக வந்தது. எல்லோரும் அதை வாசலில் ஊற்றினார்கள். வீட்டுக்கு 10 லீற்றர் வாளி ஒன்று என்று பார்த்தாலும் ஒரு திறப்புக்கு 340 லீற்றர் அப்படியே கானுக்குப் போயிற்று.

யாரும் அறிவித்தலைக் கிழிக்கவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. நேரத்துக்கு எல்லோரும் கட்டுப்பட்டார்கள். கட்டுப்பட்ட அந்த முறையிலேயே தண்ணீர் வீணானது. தண்ணீர் வரும்போது தானாக விழட்டும் என்று குழாயைத் திறந்தே வைத்துவிட்டு மலைக்குப் போனவர்கள் பலர். அன்றைக்குத் தேவையோ இல்லையோ இருக்கிற பாத்திரத்தையெல்லாம் நிரப்பி, மறுநாள் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்தவர்களும் உண்டு. ஏன் இப்படி என்று மேல் லயத்து அக்கா ஒருவரிடம் கேட்டபோது, "வர்ற நேரத்துல புடிச்சு வைக்காட்டி, நாளைக்கு வருமோ வராதோ, யாருக்குத் தெரியும் தம்பி?" என்றார். அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டபின் பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றியதை இங்குள்ளவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஊற்றுக்கு அதனால் ஒன்றும் நேரவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஓடிய ஊற்று நின்றுபோகும் என்பது இந்த மலைகளில் கதையாகச் சொல்லும் விஷயமாக இல்லை.

தண்டம் இன்னும் மோசமாக முடிந்தது. மாமன் மச்சான் உறவு இல்லாத வீடு இந்த 34 இல் ஒன்றுகூட இல்லை. தண்டக் கொப்பியில் ஏறிய பெயர்கள் எல்லாம் கமிட்டியில் சொந்தக்காரர் இல்லாத ஒரு மூலையிலிருந்தே வந்தன. அதைக் கவனித்த நாளிலிருந்து மற்றவர்கள் அறிவித்தலைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். பாத்திகளில் இரவில் குழாய் ஓடத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

இருந்தாலும் அந்த ஆகஸ்டில் எடுத்துவைத்த ஓர் அளவு இந்த ஆண்டு வேலைக்கு அடிப்படையாயிற்று. ஊற்றுக் குழாயின் வாயில் 20 லீற்றர் வாளியை வைத்துக் கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தால், மழைக் காலத்தில் 12 செக்கனில் நிரம்பும் வாளி, வறட்சியின் நடுவில் 2 நிமிடம் 20 செக்கன் எடுத்தது. நாளொன்றுக்கு அது ஏறத்தாழ 12,300 லீற்றர். இங்கே இருப்பவர்கள் 150 பேர். தலைக்கு 82 லீற்றர் வருகிறது. கேப்டவுன் நகரம் 2018 பெப்ரவரியில், குழாய்கள் முற்றாக நின்றுபோகும் நாள் நெருங்கியபோது, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என்று வரம்பு வைத்தது. எங்கள் ஊற்று மெலிந்த நிலையிலும் அதைவிட அதிகமாகத் தந்துகொண்டிருக்க, நாங்கள் தண்ணீருக்கு அடித்துக்கொண்டிருந்தோம். அந்த நகரத்தில் வரம்பை மீறிய வீடுகளின் குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவியைப் பூட்டினார்கள் என்று வாசித்திருந்தேன். மீறிய வீட்டுக்குத் தண்டனையாகப் பூட்டாமல், எல்லா வீட்டுக்கும் முதலிலேயே ஒரே அளவில் பூட்டிவிட்டால் என்ன என்று கமிட்டியில் கேட்டேன். அனுமதி கிடைத்தது, காசு பிறகுதான் கிடைத்தது.

முதல் வேலை தாங்கி. மே மாதத்தில் ஓரிரவு உள்வரும் குழாயையும் வெளிச்செல்லும் வால்வையும் மூடி, நீர்மட்டத்தில் கரித்துண்டால் கோடு போட்டுவிட்டு வந்தோம். பத்து மணித்தியாலம் கழித்துப் பார்க்கையில் மட்டம் 3 அங்குலம் இறங்கியிருந்தது. இந்தத் தாங்கியில் ஓர் அங்குலம் என்றால் 226 லீற்றர். ஆகவே ஒரு நாளைக்கு 1,600 லீற்றருக்கு மேல் யாருக்கும் இல்லாமல் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. வறட்சியில் ஊற்று தருவதில் எட்டில் ஒரு பங்குக்கும் கூடுதலான இந்தத் தண்ணீரை எந்த அறிவித்தலும் மிச்சப்படுத்தியிருக்காது. தாங்கியை இறைத்துப் பார்த்தபோது பள்ளத்துப் பக்கச் சுவரும் தரையும் சேரும் மூலையில் நீளமாக ஒரு வெடிப்பு ஓடியது. உளியால் அதை முக்கால் அங்குல ஆழத்துக்கு வெட்டித் திறந்து, கம்பித் தூரிகையால் பாசியும் தூசியும் போகத் தேய்த்து, ஈரப்படுத்திச் சீமெந்துப் பால் பூசி, சீமெந்து ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சலித்த மணலும் நீர்க்கசிவைத் தடுக்கும் தூளும் கலந்த சாந்தை அடைத்தோம். மூலையைச் சதுரமாக விடாமல் ஒரு போத்தலின் பக்கத்தால் அழுத்தி வளைவாக்கினோம்; சதுர மூலைதான் மறுபடி வெடிக்கும். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு ஆறவிடவேண்டிய சாந்துக்கு, வீடுகளில் தண்ணீர் இல்லாததால் மூன்று நாள்தான் கொடுக்க முடிந்தது. அப்படியும் அடுத்த சோதனையில் பத்து மணித்தியாலத்துக்குக் கால் அங்குலமே இறங்கியது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

அடுத்து, வீட்டுக்கு எவ்வளவு விடுவது என்ற கணக்கு. 12,300 லீற்றரை 34 ஆல் வகுத்தால் வீட்டுக்கு 360 லீற்றர். இருபத்துநாலு மணித்தியாலமும் விட்டால் நிமிடத்துக்குக் கால் லீற்றர். அந்த அளவு மட்டும் போகக்கூடிய ஒரு துளையை ஒவ்வொரு வீட்டுக் கிளைக்குழாயிலும் வைக்கவேண்டும். கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் 'போல் வால்வை'ப் பாதி மூடிவைத்துச் சரிசெய்யலாம் என்று சிலர் சொன்னார்கள். விரலால் தட்டினால் மாறிவிடும் ஒன்றை நம்பி இந்த வேலையில் இறங்க முடியாது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள பித்தளைத் தகட்டை வட்டத் துண்டுகளாக வெட்டி, இரண்டு குழாய்களை மரையால் இணைக்கும் அரை அங்குல யூனியனுக்குள் இறப்பர் வாசருக்குப் பக்கத்தில் உட்காரும்படி அராவிக்கொண்டோம். துளையிடுவதுதான் சிக்கல். மின் துளைப்பானில் ஒரு மில்லிமீற்றர் ஊசி மாட்டினால் முறிந்துகொண்டே இருந்தது. பண்டாரவளையில் நகை வேலை செய்யும் ஒருவர், காதணிக்குத் துளையிடும் தன் கைத்துளைப்பானால், தட்டுக்கு 100 ரூபாய் வாங்கிக்கொண்டு, பிசிறில்லாமல் செய்து தந்தார். எதற்கு என்று கேட்டுவிட்டு, அவர் வீட்டுக் குழாய்க்கும் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே இருந்தார்.

முதலில் சில தட்டுகளுக்கு மட்டும் ஒரு மில்லிமீற்றர் துளை போட்டு லயத்துக்கு ஒரு வீட்டில் பூட்டிப் பார்த்தோம். சோதனைக்கு வாளி சரிவராது; 20 லீற்றர் நிரம்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலே போதும். மேல் லயத்தில் போத்தல் 4 நிமிடத்தில் நிரம்பியது, எதிர்பார்த்தபடியே. நடு லயத்தில் 2 நிமிடம் 40 செக்கன். புது வீட்டில் 2 நிமிடம். ஒரே துளையானாலும் பள்ளத்தில் அழுத்தம் கூடுவதால் இரட்டிப்பாக வருகிறது. மேசன்மார் மட்டம் பார்க்கும், உள்ளே தெரியும் குழாயில் தண்ணீர் ஊற்றி, ஓர் ஆள் உயரம் ஓர் ஆள் உயரமாக இறங்கி அளந்ததில், தாங்கியின் வாயிலிருந்து மேல் லயம் 4 மீற்றர், நடு லயம் 9 மீற்றர், புது வீடுகள் 16 மீற்றர் தாழ்வில் இருந்தன. உயரம் நான்கு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்கு என்ற கணக்கு போத்தலில் அச்சாக விழுந்திருந்தது. நடு லயத்துக்கு 0.8 மில்லிமீற்றரும் புது வீடுகளுக்கு 0.7 மில்லிமீற்றருமாகப் புதுத் தட்டுகள் வெட்டி, மறுபடி நகைக்காரரிடம் போனோம். இப்போது எந்த வீட்டில் பிடித்தாலும் போத்தல் 4 நிமிடம், அரை நிமிடம் முன்பின்னாக.

இந்த நூலிழைத் தண்ணீரைக் கொண்டு யாராலும் நேரடியாகச் சமைக்க முடியாது; வீட்டுக்கு வீடு 200 லீற்றர் நீலப் பெரலும், நிரம்பியதும் தானாக மூடிக்கொள்ளும் மிதவை வால்வும் வேண்டும். பெரலை ஸ்தோப்பின் (முன்திண்ணையின்) ஓரத்தில் மூன்று வரிசைக் கல்லடுக்கின் மேல் உயர்த்திவைத்து, அடியில் ஒரு பைப் பூட்டினோம். காலியான பெரல் நிரம்பப் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும். காலையில் புழங்கியதை, கொழுந்தெடுக்கப் போயிருக்கும் நேரத்தில் அதுவாகவே பாதிக்கு மேல் நிரப்பிக்கொள்ளும். நிரம்பிய வீட்டின் பங்கு தாங்கியிலேயே தங்கும். மூடியில் குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றி நுளம்பு (கொசு) வலை கட்டியது அழகுக்காக இல்லை. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் திறந்த பெரலைக் கண்டால் தண்ணீர்க் கமிட்டி என்று பார்க்கமாட்டார்.

யூனியனை வீட்டுக்குள் பூட்டாமல் ஒவ்வொரு லயத்தின் முன்னாலும் பாதையோரமாக வரிசையாகப் பூட்டியதை முக்கியமாகச் சொல்லவேண்டும். யூனியன் மரையின் மேலிருந்து குழாய்வரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டோம். மரையை யாராவது திருகினால் கோடு உடைந்து இரண்டு துண்டும் நேர்படாமல் நிற்கும். பூட்டு இல்லை, சாவி இல்லை, ஒரு குப்பி நகப்பூச்சு 34 வீட்டுக்கும் போதியது. ஒரு வீட்டில் கோடு விலகியிருப்பதை முதலில் கண்டது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். போத்தல் சோதனை செய்தபோது 20 செக்கனில் நிரம்பியது. துப்புரவாக்கக் கழற்றினேன், தட்டைத் திரும்பப் போட மறந்துவிட்டேன் என்றார் அந்த வீட்டு அண்ணன். சரி என்று எல்லோர் முன்னாலும் தட்டைப் போட்டுப் புதுக்கோடு இழுத்தோம். தண்டம் கேட்கவில்லை, கொப்பியும் திறக்கவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு கோடு விலகவில்லை.

பெரிய தொல்லை மீறலால் வரவில்லை, மண்ணால் வந்தது. ஒரு மில்லிமீற்றர் துளையை அடைக்க ஒரு மணற்பொடி போதும். முதல் வாரத்தில் காலையில் கதவு தட்டி "தண்ணி நின்னுபோச்சு" என்று சொல்லாத வீடு குறைவு. ஊற்றின் வாயில் கருங்கல் சல்லியும் ஆற்றுமணலும் நிரப்பிய சிறு தொட்டி ஒன்று கட்டியதில் பாதி குறைந்தது. மீதிக்கு மருந்து தேத்தண்ணி வடியில் கிடைத்தது. கடையில் 150 ரூபாய்க்கு விற்கும் துருப்பிடிக்காத கம்பி வடியின் வலையை வெட்டி, ஒரு வடிக்கு மூன்று துண்டாக, ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் கிண்ணம்போலக் குழித்துச் செருகினோம். தட்டையாக வைத்தால் ஒரே இடத்தில் மண் படிந்து அடைத்துவிடுகிறது. குழித்து வைத்தால் வாரக்கணக்கில் தாங்குகிறது. குழாய்களில் எந்நேரமும் தண்ணீர் நிறைந்து நிற்பதால் முன்போல் கலங்கல் வரவில்லை என்பது எதிர்பாராத இலாபம்.

தாங்கியின் மட்டம் எல்லோருக்கும் தெரியவேண்டும் என்று செய்த பலகைக்கு 900 ரூபாய்தான் செலவு. பலன் என்னவோ தட்டுகளுக்குக் குறைந்ததில்லை. மூடிய போத்தல் ஒன்றைத் தாங்கிக்குள் மிதக்கவிட்டு, அதில் கட்டிய மீன்பிடி நரம்பைத் திரைச்சீலைக் கப்பிகள் இரண்டின் மேலாக வெளியே எடுத்து, மறுமுனையில் பாரத்துக்கு ஓர் இரும்பு மரையும் தகரச் சுட்டியும் தொங்கவிட்டோம். தண்ணீர் ஏறினால் சுட்டி இறங்கும் என்பதால் பலகையில் பச்சை அடியிலும் மஞ்சள் நடுவிலும் சிவப்பு உச்சியிலும் இருக்கின்றன. 30 அங்குலத்துக்கு மேல் பச்சை, 15 அங்குலத்துக்குக் கீழ் சிவப்பு. மலையிலிருந்து கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் அதைப் பார்க்காமல் தாண்டுவதில்லை. சுட்டி மஞ்சளுக்கு ஏறிய அன்று மாலை, யாரும் அறிவிக்காமலே, பெரலில் துணி ஊறவைப்பது நின்று பீலிக்குப் போகும் கூட்டம் கூடியது. வருமோ வராதோ என்ற சந்தேகம் இருக்கும்வரை பிடித்துவைத்தவர்கள், இருப்பு எவ்வளவு என்று தெரிந்தபின் விட்டுவைத்தார்கள்.

அதிகாலை மூன்றரை மணிக்கு ஊற்றுக் குழாயை மூடிவைத்து மட்டத்தைப் பார்க்கும் சோதனையும் அவ்வப்போது செய்தோம். அந்நேரம் பெரும்பாலான பெரல்கள் நிரம்பியிருக்கும். தாங்கி அசையாமல் நிற்கவேண்டும். ஒருமுறை மணித்தியாலத்துக்கு அரை அங்குலம், அதாவது 113 லீற்றர் இறங்கியது. ஒரு வீடு மணித்தியாலத்துக்கு 15 லீற்றருக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், ஏழெட்டு வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். டோர்ச் வெளிச்சத்தில் போய்ப் பார்த்ததில், மலிவு விலையில் வாங்கிய மிதவை வால்வுகள் சிலவற்றில் வாசர் சரியாக உட்காராமல் பெரல் வழிந்துகொண்டிருந்தது. நடு லயத்தில் ஒருவர் பெரலின் அடிப் பைப்பிலிருந்து குழாய் இழுத்துப் போஞ்சிப் பாத்திக்கு விட்டிருந்தார்.

போஞ்சிக்காரரைப் பற்றிக் கமிட்டியில் நெடுநேரம் பேச்சு நடந்தது. சென்ற ஆண்டு அறிவித்தலின்படி அவர் குற்றவாளி. ஆனால் அவர் தட்டு அப்படியே இருந்தது, நகப்பூச்சுக் கோடும் நேராக இருந்தது; அவர் எடுத்தது அவருடைய 360 லீற்றரை. வீட்டில் இரண்டு பேர், பீலியில் குளித்துவிட்டு மிச்சத்தைப் பாத்திக்கு விடுகிறார். மிச்சம் தாங்கியில் தங்கினால் மற்றவர்களுக்கு ஆகும் என்றார்கள் சிலர். பங்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு அதை எதற்குச் செலவழிக்கிறாய் என்று கேட்கத் தொடங்கினால் பழைய கொப்பியை மறுபடி திறக்கவேண்டியதுதான் என்பது என் கட்சி. கடைசியில், சுட்டி பச்சையிலும் மஞ்சளிலும் இருக்கும்வரை அவரவர் பங்கு அவரவருக்கு, சிவப்பில் மட்டும் பாத்திக்குத் தடை என்று முடிந்தது. ஒன்பது பேர் இருக்கும் வீட்டுக்கும் தனியாக இருக்கும் பாட்டிக்கும் ஒரே துளையா என்ற கேள்விக்கு இப்படி எளிதாகப் பதில் கிடைக்கவில்லை. ஆறு பேருக்கு மேல் உள்ள வீடுகளுக்கு இரண்டாவது துளை போட்டோம். அந்த வீடுகள் நான்குதான். சாவு வீடு என்றால் தட்டையே கழற்றிவிடுவது. அதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வாளி நிரம்ப 3 நிமிடமாயிற்று. ஊற்று நாளொன்றுக்கு 9,600 லீற்றருக்கு இறங்கிவிட, சுட்டி சிவப்பைத் தொட்டது. இரவு 11 முதல் 4 மணிவரை மூடினால் வரவும் செலவும் சரிக்கட்டும் என்று கணக்கு சொன்னது. முதலில் தாங்கியின் வால்வையே மூடிப் பார்த்தோம். குழாயில் நின்ற தண்ணீரெல்லாம் புது வீட்டுப் பெரல்களுக்கு வடிந்து, காலையில் மேல் லயத்தில் பழையபடி காற்று. ஆகவே தாங்கியைத் திறந்தே வைத்துவிட்டு, ஒவ்வொரு லயத்துக்கும் பிரியும் கிளையில் ஒரு போல் வால்வு போட்டு அங்கே மூடினோம். மூன்று வால்வையும் மூட அந்தந்த லயத்தில் ஓர் ஆள் பொறுப்பு. செப்டெம்பர் நடுவில் ஒரு மழை விழும்வரை அப்படியே ஓடியது. சிவப்பில் பாத்திக்குத் தண்ணீர் விட்டவர் யாரும் இல்லை.

செலவு: பித்தளைத் தகடு 1,800, துளையிட 3,400, யூனியன்கள் 6,120, மிதவை வால்வுகள் 22,100, பெரல் இல்லாத 11 வீடுகளுக்குப் பாவித்த பெரல்கள் 38,500, தாங்கித் திருத்தம் 6,400, மட்டப் பலகை 900, வடிகள் 1,800, குழாய்த் துண்டு, எல்போ, பைப் கம், திரெட் டேப் முதலியவை 5,480. ஆக மொத்தம் 86,500 ரூபாய். வீட்டுக்கு 2,500 வீதம் 85,000 சேர்ந்தது, மிச்சம் 1,500 கோயில் காசிலிருந்து. நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தபோது 2,500 என்பது கிட்டத்தட்ட இரண்டு நாள் சம்பளம்; இரண்டு சம்பள நாளாகப் பிரித்து வாங்கினோம். கூலி யாருக்கும் இல்லை.

மறுபடி செய்வதானால் மிதவை வால்வில் காசு மிச்சம் பிடிக்கமாட்டேன். 650 ரூபாய் வால்வில் நாலில் ஒன்று ஒழுகியது, பித்தளைத் தண்டு உள்ளதை இரட்டை விலை கொடுத்தாவது வாங்கவேண்டும். தட்டுகளில் துளை அளவைப் பொறித்திருக்கவேண்டும். துப்புரவாக்கும்போது 0.7 உம் 0.8 உம் கலந்துவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியவில்லை, போத்தலைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதாயிற்று. அதைவிட, மூன்று அளவுத் துளையே தேவைப்படாத ஒரு வழி இருக்கிறது: லயத்துக்கு ஒரு 1,000 லீற்றர் தாங்கியை அந்தந்த லயத்திலிருந்து ஒரே உயரமான மேட்டில் வைத்து அதற்கு மிதவை வால்வு போட்டால், எல்லா வீட்டுக்கும் ஒரே அழுத்தம், ஒரே தட்டு, துளையும் பெரிதாக இருக்கும், மண்ணும் எளிதில் அடைக்காது. நடு லயத்துக்கும் புது வீடுகளுக்கும் இரண்டு தாங்கிக்கு விலை விசாரித்திருக்கிறோம். தீபாவளி முற்பணம் சம்பளத்தில் கழிந்து முடியும்வரை எந்த வீட்டிலும் காசு கேட்க முடியாது என்பதால், அந்த வேலை மார்ச்சுக்குப் பிறகுதான்.